கடைசி நான்கு வரி

எங்கள் அலுவலகத்துக்கு அவர் வந்த முதல் நாள், திரையில் ஒரு கேள்வியும் ஒரு பதிலும் இருந்தன. மாடு இரண்டு நாளாகத் தீன் எடுக்கவில்லை, என்ன செய்யலாம் என்பது கேள்வி. பதில் ஒன்பது புள்ளிகளாக, எழுத்துப்பிழை இல்லாமல், வரிசையாக இருந்தது. எழுதியது ஆள் அல்ல, செயற்கை நுண்ணறிவு உதவியாளர். பதிலுக்குக் கீழே மூன்று பெட்டிகள்: சரி, பிழை, திருத்தம் தேவை. அதில் ஒன்றை அவர் அழுத்த வேண்டும்.

அவர் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு கேள்வியை இரண்டு தரம் வாசித்தார். பதிலை ஒரு தரம். எதையும் அழுத்தவில்லை.

"இது கேட்டது ஆர்?" என்றார்.

கேட்டவரின் பெயரும் இடமும் எங்களுக்குக் காட்டப்படாது, அது விதி என்று சொன்னேன்.

"பேர் எனக்கு வேண்டாம். ஆர் எண்டு தெரியோணும். வயலுக்குப் பக்கத்திலை கட்டி வளக்கிற ஆளோ, ஆனையிறவுத் தரவை வெளியிலை அவிட்டு விடுற ஆளோ? பட்டி வைச்சிருக்கிறாரோ, ஒரு மாடோ? அது தெரியாமல் நான் எதைச் சரி எண்டுறது?"

திரையில் அதற்குப் பெட்டி இல்லை. அவர் நான்காவது ஒன்றைத் தானே உண்டாக்கினார். திருத்தம் எழுதும் இடத்தில், பதிலைத் தொடாமல், உதவியாளர் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதினார். எப்போது கன்று போட்டது? எங்கே மேய்ந்தது? மழை பெய்ததா? கடைசிக் கேள்வி: உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கலியாணமா, திவசமா?

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. விசேஷ வீட்டில் மிஞ்சுகிற சோற்றைக் கொண்டுபோய் மாட்டுக்குக் கொட்டுவார்கள், அன்புக்காகத்தான் கொட்டுவார்கள், மாடும் நிறைய நிறையத் தின்னும், அடுத்த நாள் விழுந்துவிடும் என்று விளங்கப்படுத்தினார். வன்னியில் மாடு படுக்கிற காரணங்களில் அதுவும் ஒன்று, அது இந்த ஒன்பது புள்ளியிலும் இல்லை. அந்தத் திருத்தம் ஏறி ஒரு மாதத்தில், முழங்காவில் ஊர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். எங்கள் வீட்டிலை சாமத்தியவீட்டு விருந்து நடந்தது இந்த மெசினுக்கு எப்பிடித் தெரியும் என்று கேட்டிருந்தார். கொழும்பிலிருந்து திட்டத்தைப் பார்க்கிறவர்கள் அந்தப் பதிவை ஒரு கூட்டத்தில் போட்டுக் காட்டினார்கள்.

செயலி இப்படித்தான் ஓடியது. விவசாயிகள் போனில் பேசிக் கேட்பார்கள், உதவியாளர் தமிழில் பதில் சொல்லும். அதன் பதில்களில் ஒரு பங்கு வாரந்தோறும் கிளிநொச்சி அலுவலகத்துக்கு வரும். நெல்லுக்கு ஒருவர், நீர்ப்பாசனத்துக்கு ஒருவர், கால்நடைக்கு இவர் என்று துறை தெரிந்த மூன்று பேர் வாசித்துத் திருத்துவார்கள். திருத்தத்தின் தமிழைச் செப்பம் செய்து ஏற்றுவது என் வேலை. அடுத்த முறை அதேமாதிரிக் கேள்வி வந்தால் உதவியாளர் அந்தத் திருத்தத்தை வைத்துப் பதில் சொல்லும். பதிலின் முடிவில் ஒரு வாசகம் வரும்: துறைசார் நிபுணரால் சரிபார்க்கப்பட்டது. பெயர் போடுவதில்லை. கால்நடை என்றால் இந்த மாவட்டத்தில் பெயர் போடத் தேவையும் இல்லை. முப்பது வருடம் கால்நடைப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சனம் அவரை மாட்டு மிஸ் என்று சொல்லும். அவருக்கு முன்னாலும் அப்படியே சொல்லும்.

மற்ற இருவரும் ஒரு காலையில் நாற்பது பதில் முடிப்பார்கள். மிஸ் ஆறு முடிப்பார். நான் வார அறிக்கையில் அதை எழுதுவேன், மூன்று வரிசையில் அவருடையது எப்போதும் கடைசி. அதை அவருக்கும் காட்டினேன். பார்த்துவிட்டு, "அந்த ரண்டு பேரும் கெட்டிக்காரர்" என்றார். அவ்வளவுதான்.

ஒரு பதிலும் அவருக்குச் சும்மா சரியாகாது. சரியான பதிலையே சரி என்று அழுத்த மறுத்த நாட்கள் உண்டு. கன்றுக்குக் கழிச்சல் என்று ஒருவர் கேட்டதற்கு, உடனடியாக அருகிலுள்ள மிருக வைத்தியரை அணுகவும் என்று உதவியாளர் சொல்லியிருந்தது. இதில் என்ன பிழை என்று கேட்டேன். அருகில் என்றால் எவ்வளவு அருகில், எந்த பஸ்ஸில், கன்றைத் தூக்கிக்கொண்டோ என்று திருப்பிக் கேட்டார். "இது பதில் இல்லை, எடிற்றர். ஆளை அனுப்பிவிடுறது. அரசாங்கக் கந்தோரிலை இருந்து நாங்கள் செய்த வேலை. நல்லாப் பழகியிருக்கு." பிறகு வைத்தியர் வந்து சேரும்வரை வீட்டில் உள்ளதை வைத்துச் செய்யக்கூடியதை எழுதினார்: உப்பு, சீனி, கொதித்தாறிய தண்ணீர், எத்தனை மணிக்கு ஒருக்கால், எந்த அடையாளம் கண்டால் காத்திராமல் வாகனம் பிடிக்க வேண்டும்.

உதவியாளரில் அவருக்குக் கோபம் இருந்ததில்லை. புதிதாக நியமனம் கிடைத்து வந்த உத்தியோகத்தரைப் பற்றிக் கதைப்பதுபோலத்தான் அதைப் பற்றிக் கதைப்பார். "பிள்ளை நல்லாப் படிச்சிருக்கு. இன்னும் வெளிக்களத்துக்கு விடேல்லை" என்பார். அதன் சில பதில்களை வாசித்து, இது எனக்குத் தெரியாது என்று தன் கொப்பியில் எழுதிக்கொண்டதையும் கண்டிருக்கிறேன்.

என்னை எடிற்றர் என்றது பகிடிக்கு. நான் பத்திரிகை ஆசிரியராக இருந்தவன் அல்ல. யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் பதினாறு வருடம் பக்கம் கட்டியவன். அங்கே முதலில் பழக்குவது ஒன்று: முக்கியமானதை முதலில் எழுது. இரண்டாவது, அதிலிருந்து வருவது: இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டு. பின்னேரம் ஒரு மரண அறிவித்தல் வந்தால் செய்தியின் கடைசிப் பந்தி போகும். அதை வாசித்துப் பார்த்து வெட்ட நேரம் இருப்பதில்லை. வாசிக்கவும் தேவையில்லை, ஏனென்றால் கீழே முக்கியமானது இராது. பதினாறு வருடத்தில் அது கைக்கு வந்துவிட்டது.

மிஸ் நேர்மாறாக எழுதினார். முதலில் ஊர்க்கதைபோல ஏதாவது, பிறகு செய்முறை, ஆபத்தானது எதுவோ அது கடைசியில். ஒருமுறை அதைச் சொன்னேன். மிஸ், இதை மேலே போடலாமே என்று.

"எடிற்றர், நான் ஒரு வீட்டை போனால் எல்லாம் சொல்லி, தேத்தண்ணி குடிச்சு, எழும்பி, வாசல் படலையடியிலை நிண்டுதான் முக்கியமானதைச் சொல்லுவன். கதிரையிலை இருந்து சொன்னதெல்லாம் மறந்துபோகும். கடைசியாச் சொல்லுறதுதான் வீட்டுக்குள்ளை திரும்பிப் போகும்."

இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. பக்கம் கட்டுவதற்கு முன் நிருபராகத் திரிந்த காலத்தில், வன்னியில் எந்த வீட்டிலும் ஆட்கள் உண்மையைச் சொன்னது நான் கொப்பியை மூடிக்கொண்டு படலைக்கு வந்த பிறகுதான். எத்தனையோ செய்தியின் தலைப்பைப் படலையில் கையூன்றி நின்று கேட்டிருக்கிறேன். அது தெரிந்திருந்தும் அவருடைய எழுத்தைக் கீழிருந்துதான் வெட்டினேன். நூற்றிருபது சொல்லுக்கு மேல் ஒரு திருத்தமும் போகக்கூடாது என்று அலுவலகத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அதைக் கொழும்பு போடவில்லை. இயந்திரமும் கேட்கவில்லை. நான் போட்டது. பார்க்க ஒழுங்காக இருக்கும் என்று போட்டது.

வைக்கோலுக்கு யூரியா போடுவது பற்றிய கேள்வி ஒரு ஆவணி மாதம் வந்தது. ஆவணியில் இங்கே புல் இராது. குளங்களின் அடி வெடித்திருக்கும். அப்போது சிறுபோக வைக்கோலுக்கு யூரியாத் தண்ணீர் தெளித்து, காற்றுப் புகாமல் தறப்பாளால் மூடி, ஒன்பது பத்து நாள் விட்டு எடுத்தால் மாடு விரும்பித் தின்னும், பாலும் குறையாது. உதவியாளர் சொன்ன அளவுகள் எல்லாம் சரி. மிஸ் அதில் கை வைக்கவில்லை. கன்றுகளுக்குக் கொடுக்கக்கூடாது என்றும், திறந்த பிறகு காற்றாட விட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றும் நடுவில் சேர்த்தார். கடைசியில் நான்கு வரி எழுதினார்.

யூரியா கரைத்த தண்ணீரை விட்டிட்டுத் திரும்பாதேங்கோ, ஒரு நிமிசத்துக்கும். தாகத்திலை நிற்கிற மாடு எதிலையும் வாய் வைக்கும், குடிச்சால் தப்பாது. மிஞ்சினதை மாடு போகாத இடத்திலை ஊத்தி மண் போட்டு மூடுங்கோ. தற்செயலாக் குடிச்சிட்டால் உடனே வினாகிரியைத் தண்ணியிலை கலந்து பருக்கிக்கொண்டு வைத்தியருக்குப் போன் அடியுங்கோ.

நூற்று ஐம்பத்து நான்கு சொல் இருந்தது. நான் கீழிருந்து வெட்டினேன். எழுத்தை ஒரு தரம் பார்த்து, பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்கி ஏற்றினேன். நூற்றுப் பதினேழு சொல். அன்று வேறு இருபது திருத்தங்களும் ஏற்றியிருக்கிறேன். இது எனக்கு நினைவில் நிற்கவில்லை.

அடுத்த வருடம் ஆவணியில் ஒரு காலை மிஸ் போன் எடுத்தார். ஜெயபுரத்தில் ஒரு வீட்டில் இரண்டு மாடு செத்துவிட்டதாம், எங்கள் செயலியைக் கேட்டுச் செய்ததாம், தான் போவதாகச் சொன்னார், நானும் வந்தால் நல்லது என்றார். மிருக வைத்தியர் கந்தோரில் யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸில் போனோம். போகும் வழியில், பதிலை ஒருக்கால் திறந்து காட்டச் சொன்னார். சிக்னல் இல்லை என்றேன். சிக்னல் இருந்தது. ஏதோ ஒன்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்காரியின் பெயர் சுகந்தி என்று வைத்துக்கொள்வோம். முப்பத்தைந்து வயது இருக்கும். பால் சேகரிக்கும் நிலையத்துக்கு நாள்தோறும் சைக்கிளில் பால் கொண்டுபோய்ப் பிள்ளைகள் இரண்டையும் படிப்பிக்கிறவர். கறவை ஒன்று, சினைப்பட்ட இளம் நாகு ஒன்று. அந்த இரண்டும்தான் இருந்தன. முந்தின நாள் காலை பத்து மணிக்கு, பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் பரலில் யூரியா கரைத்திருக்கிறார். தறப்பாள் அயல் வீட்டில் இருந்தது, எடுத்து வரப் போனார். போய் வர எடுத்தது ஐந்து நிமிடம். மாடுகள் வேலிக்கு உள்ளேதான் நின்றன, கட்டியிருக்கவில்லை. மத்தியானத்துக்குள் இரண்டும் முடிந்துவிட்டன.

எங்களுக்குக் கதிரை போட்டார். குரலை உயர்த்தவில்லை. போனை எடுத்து உதவியாளரின் பதிலை ஒலிக்கவிட்டார். அது பெண் குரலில், தெளிவாக, நான் செப்பம் செய்த தமிழில் முழுவதையும் சொல்லி, கன்றுகளுக்கு வழங்குதல் ஆகாது என்று சொல்லி, துறைசார் நிபுணரால் சரிபார்க்கப்பட்டது என்று முடித்தது.

"இதைப் பாத்தது ஆர் மிஸ்?" என்று சுகந்தி கேட்டார்.

"நான்தான் பிள்ளை."

"எனக்கும் தெரியும் நீங்கள்தான் எண்டு. அதாலைதான் நம்பினனான்." போனை மற்றக் கைக்கு மாற்றினார். "எங்கடை அம்மா இருக்கேக்கை, இந்தப் படலையிலை நிண்டு சொன்னனீங்கள். வாளியை விட்டிட்டுத் திரும்பாதேங்கோ எண்டு. நான் அப்ப சின்னன், மறந்துபோனன். இதிலை ஏன் மிஸ் அதைச் சொல்லேல்லை?"

மிஸ் போனை வாங்கினார். மறுபடி ஒலிக்கவிட்டுக் கேட்டார், காதுக்குக் கிட்ட வைத்து. முடியும் இடம் வந்ததும் இன்னும் ஏதோ வரும் என்பதுபோலக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"எழுதாமல் விட்டிட்டன் போலை, பிள்ளை," என்றார்.

நான் இரண்டு பேருக்கும் நாலு அடி தள்ளி இருந்தேன். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பது எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது, ஏனென்றால் நான் செய்தது பார்த்தது மட்டும்தான். பரல் நீல நிறம். அதன் அடியில் மூன்று விரல் உயரத்துக்கு இன்னும் தண்ணீர் இருந்தது. தறப்பாள் மடித்தபடி வேலியில் கிடந்தது. மாடு கட்டும் கப்பில் இரண்டு கயிறும் தொங்கின. முற்றத்தின் மூலையில் புதிதாக வெட்டி மூடிய மண், இரண்டு இடத்தில், ஒன்று மற்றதை விடச் சிறிது. செய்தி எடுக்கப் போனவன் பார்ப்பதையெல்லாம் பார்த்தேன். சொல்ல வேண்டியவன் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

மிஸ் எழும்பிப் பரலுக்குப் போனார். மிச்சத் தண்ணீரைத் தானே சரித்து, வேலி ஓரம் கிடங்கில் ஊற்றி, மண்வெட்டியால் மூடினார். சுகந்தி தடுக்கவில்லை. படலையடியில் நின்று அவர் சுகந்திக்கு என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் முன்னால் றோட்டுக்கு வந்துவிட்டேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. ஜன்னல் பக்கம் அவர். கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் தையல் நாடாவை எடுத்து விரலில் சுற்றினார், அவிழ்த்தார். மாட்டின் நெஞ்சைச் சுற்றி அளந்து எடையைச் சொல்வதற்கு அது. பஸ் அக்கராயன் தாண்டியது.

"நான் அதை எழுதினனான் எண்டுதான் எனக்கு நினைவு. வினாகிரி எண்டும் எழுதினமாதிரிக் கிடக்கு. ஆனா அங்கை இல்லை. அப்ப நான் எழுதேல்லை." பிறகு, வெளியே பார்த்தபடி: "அம்மாவுக்கும் இப்பிடித்தான் துவங்கினது. செய்யாததைச் செய்தன் எண்டு நிப்பா. கடைசியிலை என்னையே ஆர் எண்டு கேட்டவா."

அந்த இடத்தில் நான் வாய் திறந்தேன். சொன்னது இது: "வயசு போனா எல்லாருக்கும் வாறதுதானே, மிஸ்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஓம் என்றார்.

அலுவலகத்துக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பழைய பதிவைத் திறந்தேன். ஒவ்வொரு திருத்தத்தின் எல்லா வடிவமும் அதில் சேமிக்கப்பட்டிருக்கும். அவர் எழுதியது, அதற்குக் கீழே நான் ஏற்றியது. நான்கு வரியும் இருந்தன. வினாகிரியும் இருந்தது. வெட்டியவர் என்ற இடத்தில் என் பெயர், திகதி, நேரம். நான்கு வரியையும் திரும்பச் சேர்த்து, இம்முறை முதலில் போட்டு, அன்றே ஏற்றினேன். கொழும்புக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். குறிப்பிட்ட பதிலில் ஓர் எச்சரிக்கை விடுபட்டிருந்தது கண்டறியப்பட்டு, சேர்க்கப்பட்டுள்ளது என்று. யார் விட்டது என்று அந்த வசனத்தில் இல்லை. அப்படி எழுத எனக்கு நன்றாகத் தெரியும். நன்றி என்று ஒரு சொல்லில் பதில் வந்தது. சுகந்திக்குத் திட்டத்திலிருந்து ஒரு மாடு வாங்கிக் கொடுக்க ஒழுங்கு செய்தார்கள், அதைக் கொடுக்கும்போது படமும் எடுத்தார்கள். நான் படத்தில் இல்லை. மிஸ்ஸும் இல்லை.

அவர் அடுத்த கிழமை வரவில்லை. ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். தன் நினைவை இனி நம்ப முடியாது, சனத்தின் மாடுகளோடு விளையாடக்கூடாது, வேறு ஆளைப் பாருங்கோ என்று. நான் பதில் எழுதினேன். உங்கள் சேவைக்கு நன்றி மிஸ் என்று எழுதினேன்.

எட்டு மாதம் போனது. நல்லவன் ஒருவன் அந்த எட்டு மாதத்தில் ஏதாவது ஒரு நாள் அவரிடம் போயிருப்பான். நான் ஒவ்வொரு கிழமையும் காரணம் வைத்திருந்தேன். பதில் திருத்தியாகிவிட்டது, இனி ஒரு மாடும் சாகாது, உண்மை போய்ச் சேர வேண்டிய இயந்திரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது அதில் பெரிய காரணம். அவருடைய இடத்துக்கு வந்த கால்நடை உத்தியோகத்தர் ஒரு காலையில் முப்பத்தைந்து பதில் முடித்தார். கலியாண வீடு பற்றிய கேள்வியைத் தேவையில்லை என்று எடுத்துவிடக் கேட்டார். அதை மட்டும் நான் விடவில்லை. அதை ஒரு பிராயச்சித்தம்போல நினைத்துக்கொண்டேன் என்று சொல்லவே கூசுகிறது.

சித்திரை மாதம் பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது, மாட்டுக்கு மடிப்பக்கம் வீக்கம் என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மாட்டு மிஸ்ஸிடம் கேட்கவில்லையா என்று மற்றவர் கேட்டார்.

"போனனான். மிஸ் இப்ப ஒண்டும் சொல்லுறேல்லை. கந்தோரிலை கேளுங்கோ எண்டு படலையிலையே அனுப்பிப்போட்டா. அவாக்கு மறதிக்குணமாம். பாவம்."

ஆளை அனுப்பிவிடுவது பதில் இல்லை என்று சொன்னவர். நான் ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டேன். அலுவலகத்துக்குத் திரும்பிப் போய் அந்தப் பதிவின் பக்கத்தை அச்செடுத்தேன். அவர் எழுதியதும், நான் வெட்டியதும், என் பெயரும் ஒரே தாளில்.

அவருடைய வீடு பரந்தனில், பழைய இரசாயனத் தொழிற்சாலைக்குப் போகும் பக்கம். மகிழ்ச்சியாகத்தான் வரவேற்றார். எடிற்றர் இளைத்துப்போனார் என்றார். கணவர் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு கலண்டர். ஒவ்வொரு நாளுக்கும் கட்டத்துக்குள் சின்ன எழுத்தில் எழுதியிருந்தது: மருந்துக் குளிசை போட்டது, கோழிக்குத் தண்ணி வைச்சது, அடுப்பு நிப்பாட்டினது. ஒவ்வொன்றுக்குப் பக்கத்திலும் ஒரு சரி அடையாளம். எட்டு மாதத்துத் தாள்களும் கிழிக்காமல் மடித்து மேலே செருகியிருந்தன.

தாளைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். கடைசி நான்கு வரிக்கு வந்ததும் விரலை வைத்தார். விரல் அங்கேயே நின்றது. பிறகு கீழே போய் என் பெயரில் நின்றது.

"இது நான் எழுதினது."

"ஓம் மிஸ்."

"எடுத்தது நீங்கள்."

"ஓம்."

நூற்றிருபது சொல், பத்திரிகைப் பழக்கம் என்று சொல்வதற்குச் சிலது ஆயத்தம் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அவர் கேட்கவில்லை. குசினிப் பக்கம் திரும்பினார்.

"இஞ்சேருங்கோ. நான் மறக்கேல்லையாம்."

கணவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தவர் வாசலில் நின்றார். அவரிடம் தாளைக் கொடுத்தார், விரலால் காட்டினார், வினாகிரி எழுதியிருக்கிறன் பாருங்கோ என்றார். அவர் முழுவதையும் வாசித்தார். என்னை ஒருமுறை பார்த்தார். கோப்பையை எனக்குப் பக்கத்தில் வைக்காமல், திரும்பக் கொண்டுபோனார். மிஸ் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணாடிக்குள் கண் நனைந்திருந்தது. அவருடைய சந்தோசத்தைப் பார்க்க முடியாமல் நான் கலண்டரைப் பார்த்தேன்.

பிறகு அவர் சாதாரணமாகிவிட்டார். பழைய குரல்.

"சுகந்திக்குச் சொல்லியாச்சோ?"

"இல்லை மிஸ்."

தாளைக் கணவரிடமிருந்து வாங்கி, நாலாக மடித்து, என் கையில் திருப்பி வைத்தார்.

"அப்ப எனக்கேன் இதைக் கொண்டந்தனீங்கள்? கேட்டது அவா எல்லோ."

அடுத்த நாள் ஜெயபுரம் போனேன். சுகந்தி நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார், தாளை வாங்கி வைத்துக்கொண்டார், மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார். இம்முறை கதிரை போடவில்லை.

ஆனால் அது அடுத்த நாள். அன்று நான் எழும்பியபோது மிஸ்ஸும் எழும்பினார். யார் வந்தாலும் படலைவரை கூட வருவது அவர் வழக்கம், எனக்காக அதை மாற்றவில்லை. பூவரசு நிழலில் மெதுவாக நடந்தோம். புதிதாக வந்தவர் எப்படி வேலை செய்கிறார், கலியாண வீட்டுக் கேள்வி இன்னும் இருக்கிறதா என்று விசாரித்தார். இருக்கிறது என்றேன். நல்லது என்றார். மாட்டுக்காரர் ஆரும் இனி வந்தால் அனுப்பிவிட மாட்டன் என்றும் சொன்னார். எனக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. மன்னித்துவிட்டார் என்றே எடுத்துக்கொண்டேன்.

நான் வெளியே வந்ததும் படலையைச் சாத்தி, மேல் சட்டத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"எடிற்றர், அண்டைக்கு பஸ்ஸிலை ஒண்டு சொன்னனீங்கள். வயசு போனா எல்லாருக்கும் வாறதெண்டு." குரலில் கோபம் இல்லை. கேட்டவருக்குச் சரியான பதிலைச் சொல்கிற குரல். "அதை நான் ஒரு நாளும் மறக்கேல்லை."

அவர் வீட்டுக்குள் போனார். பஸ்ஸில் வரும்போது அவர் அன்று சொன்ன மற்றவற்றை நினைவுபடுத்திப் பார்த்தேன். சிரித்தது, விசாரித்தது, நல்லது என்றது. ஒன்றும் நிற்கவில்லை. கடைசியாகச் சொன்னது மட்டும் என்னோடு வீடுவரை வந்தது.